மின்னஞ்சல் முகவரியும் மறைபெயரும்

மாணவர் வீட்டில் எம்மொழி பேசுகின்றனர் என்பதை வினாநிரல் வழி அறிய முற்படும் ஆய்வாளர், விடைகளோடு மின்னஞ்சல் முகவரியையும் பெறுவது வழக்கம். ஆறு திங்கள் கழித்து அதே மாணவர்க்கு இரண்டாம் வினாநிரல் அனுப்ப அது தேவைப்படுகிறது. ஆனால், நண்பர்முன் தமிழ் பேசக் கூச்சமாக உள்ளது என்று 13 வயதுப் பிள்ளை மனந்திறந்து எழுதிய விடையும் அப்பிள்ளையின் முகவரியும் ஒரே நிரையில் நிற்குமானால், அக்கோப்பு எவர் கைக்குச் சென்றாலும் பிள்ளை காட்டிக்கொடுக்கப்படும்.

எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுசார் தரவுத்தள முறை இதற்கு வழி தருகிறது. ஓர் அட்டவணையில் ஆய்வெண்ணும் முகவரியும் இருக்கட்டும். மற்றோர் அட்டவணையில் அதே ஆய்வெண்ணும் விடைகளும் இருக்கட்டும். முதல் அட்டவணையைத் திறக்கும் உரிமை ஒருவர்க்கு மட்டும் போதும். முகவரியையே முதன்மைத் திறவாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது; திறவு எங்கெல்லாம் செல்லுமோ அங்கெல்லாம் முகவரியும் உடன் செல்லும். ஆய்வெண்ணும் 1, 2, 3 என வரிசையாக அமைதல் கூடாது. யார் முதலில் விடையளித்தார் என்று அறிந்தவர்க்கு அவ்வரிசையே ஆளைக் காட்டிவிடும். குலுக்கலில் எடுத்தாற்போன்ற எண்ணே வேண்டும்.

ஒரே முகவரி இருமுறை பதிவாகாமல் காக்க வேண்டுமெனில், இரு முகவரிகள் எப்போது ஒன்றாகும் என்று வரையறுத்தல் வேண்டும். இங்கே மொழியியலார்க்கும் வேலை உண்டு. நெறிமுறைப்படி, @ குறிக்குப் பின்வரும் பகுதியில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறல்ல. முன்வரும் பகுதியில் அவை வேறாகலாம், நடைமுறையில் வேறாவது அரிது. ஆகவே அஞ்சல் அனுப்ப மூலவடிவத்தையும், ஒப்பிடச் சிற்றெழுத்து வடிவத்தையும் வைத்துக்கொள்வது நன்று. தமிழெழுத்திலும் முகவரி அமைக்க 2012இல் வகுக்கப்பட்ட நெறிமுறை இடந்தருகிறது. அங்கே சிக்கல் நுட்பமானது. ‘சொல்’ என்பதை யூனிகோடில் நான்கு குறியீடுகளாலும் எழுதலாம். ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்து ஐந்தாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டை மட்டும் ஒப்பிடும் கணினிக்கு வேறுவேறு. பதிவுக்கு முன் ஒரே வடிவத்திற்குக் கொணர்ந்தாலொழிய ஒருவர் இருவராகிவிடுவார்.

முகவரியை மறைக்க ‘ஹேஷ்’ என்னும் முறையைப் பலர் நாடுகின்றனர். ஷா-256 என்னும் வாய்பாடு எம்முகவரியையும் 64 எழுத்துக் கோவையாக மாற்றித் தரும். கோவையிலிருந்து முகவரியைப் பின்னோக்கிக் கணிக்க இயலாது. இயலாதென்பது உண்மை, பாதுகாப்பென்பது மயக்கம். வகுப்பிலுள்ள 40 மாணவரின் முகவரிப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர், நாற்பதையும் அதே வாய்பாட்டில் இட்டு நொடிப்பொழுதில் பொருத்திப் பார்த்துவிடலாம். தரவுத்தளத்திற்கு வெளியே காக்கப்படும் மறைதிறவு ஒன்றையும் சேர்த்துக் கணித்தால் இவ்வழி அடைபடும். எனினும், மறைதிறவு உள்ளவரை அது புனைபெயரே அன்றிப் பெயரின்மை ஆகாது.

குறுந்தொகைப் புலவருள் ஒருவர் செம்புலப்பெயனீரார். பாடலில் வரும் தொடரே அவர்க்குப் பெயராயிற்று. பாடல் இன்னார் பாடியதெனத் தனித்து நிற்கிறது. இயற்பெயரை மீட்க வழியில்லை. ஆய்வுத் தரவும் இந்நிலையை எய்த வேண்டுமெனில், இரண்டாம் வினாநிரல் முடிந்ததும் முகவரி அட்டவணையையும், அதன் காப்புப் படிகளையும், மறைதிறவையும் அழித்தல் வேண்டும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் தனிநபர் தரவைத் தேவைக்கு மேல் வைத்திருத்தலாகாது என்கின்றன.

அப்பாலும் சில எஞ்சும். 13 வயது, வீட்டுமொழி தெலுங்கு, இன்ன பள்ளி என்னும் மூன்றுக்கும் பொருந்துபவர் ஒருவரே எனில், முகவரி இல்லாமலே அவரை அறியலாம். வெளியிடுமுன் வயதை 13 முதல் 15 வரை எனத் தொகுத்துப் பள்ளிப் பெயரை நீக்கிவிடலாம். விரிவிடைகளில் பிள்ளைகள் தம் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதியிருப்பர். @ குறியைக் கணினி தேடித் தரும். பெயர்களை ஒருவர் அமர்ந்து படித்தே நீக்க வேண்டும்.