கொக்கு பறக்கும் முன்னாடி ரெடியா இருங்க!

ஹாஸ்டல் ரூமில் கேமரா வைத்திருக்கும் ஒரு ஃப்ரெண்டாவது உங்களுக்கு இருப்பான். ஃப்ரெஷர்ஸ் டே, கல்ச்சுரல்ஸ், அக்கா கல்யாணம் என்று எல்லாவற்றிலும் கலக்குவான். அவனை அப்படியே தள்ளிக்கொண்டு போய் சின்னமனூர் வயல்காட்டில் நிறுத்தி, "மாப்ளே, அந்தக் கொக்கு பறக்கும்போது ஒண்ணு எடுடா!" என்று சொல்லிப் பாருங்கள். வருவது வெள்ளையாக ஒரு கோடு... இல்லாவிட்டால் வெறும் வானம்!

கல்யாண மாப்பிள்ளை 'ஸ்டெடி' என்றால் நிற்பார். கொக்கு நிற்காது பாஸ். அதுதான் இந்த ஆட்டத்தின் த்ரில்லே!

இந்த ஆட்டத்துக்குத் தேனி மாவட்டம் ஒரு சூப்பர் மைதானம். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். ஒரு பக்கம் வைகை அணை, இன்னொரு பக்கம் கண்மாய்கள், மேலே மேகமலை. மலையேறினால் இருவாச்சி, மலையணில், சிங்கவால் குரங்கு. ஊர் ஊராக அலைய வேண்டியதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு!

கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பாதீர்கள். ஈஸிதான். ஒரு கொக்கு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் நொடிக்கு 10 மீட்டர். உங்கள் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் கொக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் கலங்காமல் என்ன செய்யும்? அதே ஷட்டரை 1/2000-க்குக் கொண்டுபோனால் நகர்வது வெறும் 5 மில்லிமீட்டர். இறகு இறகாக எண்ணலாம்!

அதனால் ஷட்டரை 1/1600, 1/2000 என்று வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வை தைரியமாக ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தைக் கொஞ்சம் சரி பண்ணலாம். கலங்கிய படத்தை ஒன்றும் பண்ண முடியாது. ஃபோகஸை சர்வோ அல்லது ஏ.எஃப்-சி.யில் போட்டால், பறவை நகர நகர கேமராவும் கூடவே ஃபோகஸ் பண்ணிக்கொண்டு வரும்.

இன்னொரு விஷயம். பச்சை வயலுக்கு மேலே வெள்ளைக் கொக்கு பறந்தால், 'அய்யோ, இருட்டா இருக்கே' என்று கேமரா நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் மைனஸில் வையுங்கள். பளீர் வானத்தில் வட்டமடிக்கும் பருந்துக்கு நேர் எதிர், கொஞ்சம் பிளஸ்.

காற்றைக் கேளுங்க!

லட்ச ரூபாய் லென்ஸை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது ஓசியில் கிடைக்கிறது. காற்று! பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வருவது உங்களுக்கே தெரியும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மாவா?

அந்த மாதங்களில் சாயங்காலம் போங்கள். மேற்கே முதுகைக் காட்டி நின்றால் வெயிலும் உங்கள் பின்னால், காற்றும் உங்கள் பின்னால். வயலில் இறங்கும் கொக்கு உங்கள் முகத்தைப் பார்த்தே இறங்கும். அக்டோபருக்கு மேல் வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் கதை தலைகீழ். காலையில் கிழக்கே முதுகைக் காட்டுங்கள்.

அடுத்தது, பழக்கம். பஞ்சுருட்டான் கம்பியிலிருந்து பாய்ந்து தும்பியைப் பிடித்துவிட்டு அதே கம்பிக்குத் திரும்பி வரும். போகும்போது விட்டுவிட்டால் பரவாயில்லை, வரும்போது பிடிக்கலாம். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். புதுசாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அது ஒரு வரம். இருவாச்சியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் பிடிக்கலாம். ரயில் மூச்சு விடுவது போல அதன் சிறகு 'புஸ்... புஸ்...' என்று சத்தம் போடும். சத்தம் கேட்ட நொடியில் கேமரா கண்ணுக்கு வந்துவிட வேண்டும்.

வெறும் செல்போன்தான் இருக்கிறதா? ஃபீல் பண்ணாதீர்கள். ஜூம் பண்ணி ஒற்றைக் கொக்கைத் துரத்தாதீர்கள். வயல், தென்னை, பின்னால் மலை, நடுவில் கூட்டமாகப் பறக்கும் கொக்குகள்... அது ஒரு படம்! ஸ்லோமோஷன் வீடியோவும் எடுக்கலாம். 1878-ல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறது என்று நிரூபித்தார். அன்றைக்கு 12 கேமரா செய்த வேலையை இன்றைக்கு உங்கள் பாக்கெட் செய்கிறது.

கல்லைக் கீழே போடுங்க!

இப்போதுதான் சீரியஸ் மேட்டர். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பறக்க வைக்க ஒரு ஷார்ட்கட் உண்டு. கல்லெறிவது, கைதட்டுவது, ஓடிப் போவது. இரை தேடும் நேரத்தில் பறவையை விரட்டுவது, நீங்கள் மெஸ்ஸில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தட்டைப் பிடுங்குவதற்குச் சமம். கூட்டிலிருந்து தாயை விரட்டினால் இன்னும் மோசம். வெயிலில் முட்டை வெந்துபோகும், காக்கை தூக்கிக்கொண்டு போகும்.

கல்லே தேவையில்லை பாஸ்! டிராக்டர் உழும் வயலுக்குப் போங்கள். மண் புரளப் புரளப் பூச்சி பிடிக்கக் கொக்குகள் பின்னாலேயே வரும். தானாக எழும்பும், தானாக இறங்கும். வரப்பில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டே இருக்கலாம். உழுகிற அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள், அவ்வளவுதான்.

படத்துக்கான வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கம்பம் நேரிலேயே பார்த்திருக்கிறது. 2023 மே 27-ம் தேதி அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் புகுந்தது. மிரண்டுபோன யானை, 144 தடை உத்தரவு, இன்னொரு பக்கம் செல்போனோடு ஓடிய கூட்டம். யானை இருந்த இடத்துக்கு மேலே டிரோன் பறக்கவிட்ட கூத்தும் நடந்தது. அந்தக் களேபரத்தில் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தே போனார். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு லைக்குக்காக மிரண்ட விலங்கை மேலும் மிரட்டினால், விலை கொடுப்பது எடுத்தவர் மட்டுமல்ல.

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதனால் மலைக்குப் போகும் முன் வனத்துறைச் சோதனைச் சாவடியில் எந்த நேரம், எந்த இடம் வரை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மொபைலில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றிக் கூப்பிட வேண்டாம். கூட்டைப் பார்த்தால் எட்ட நின்று ரசித்துவிட்டு வாருங்கள், இடத்தை ஊருக்கே சொல்ல வேண்டாம்.

தேதியைக் குறிங்க!

கடைசியாக ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1948-ல் ஹைவேவிஸ் மலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தந்தார். சாதாரண வகை என்று தவறாகப் பெயரெழுதி வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து விஞ்ஞானி கிட்டி தொங்லொங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகத்துக்கே புதுசு என்று கண்டுபிடித்தார். சலீம் அலியின் பெயரையே அதற்கு வைத்தார். இடத்தையும் ஆண்டையும் எழுதி வைத்ததால்தானே, அது நம்ம தேனி மலையின் சொத்து என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது?

அதனால் கலங்கிய படம் என்று டெலிட் பண்ண அவசரப்படாதீர்கள். என்ன பறவை, எந்த ஊர், என்ன தேதி என்று எழுதி வையுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் கல்லூரி வளாகப் பறவைகள் கணக்கெடுப்பு இரண்டும் வருகின்றன. இ-பேர்டில் பதிவு பண்ணலாம். உங்கள் காலேஜ் கேன்டீன் வேப்பமரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அந்தக் கரிச்சான் தினமும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் எப்போ பார்க்கப் போகிறீர்கள்?