ஸோடியாக்: கோட் உடைஞ்சது, ஆள் கிடைக்கலை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது இதைத்தான்: "ப்ரோ, ஸோடியாக் கொலைகாரன் ஆர்தர் லீ ஆலன்தானே?"

2007-ல வந்த டேவிட் ஃபின்சர் படத்தைப் பார்த்துட்டு நானும் அப்படித்தான் நம்பினேன். 1968, 69-ல கலிஃபோர்னியாவுல குறைஞ்சது அஞ்சு பேரைக் கொன்னுட்டு, பத்திரிகைகளுக்கு 'ஸோடியாக்'னு கடிதம் எழுதினவன். ஆலன் கட்டியிருந்ததும் ஸோடியாக் வாட்ச். வேற என்ன வேணும்?

நிறைய வேணும். கைரேகை பொருந்தலை, கையெழுத்து பொருந்தலை. 2002-ல சோதிச்ச அரைகுறை டி.என்.ஏ.வும் பொருந்தலை. (அது கொலைகாரனோடதுதானான்னே சந்தேகம், அது வேற.) ஆலன் மேல கொலை வழக்கே போடலை, 1992-ல இறந்துட்டார்.

இதே கேஸ்ல அமெச்சூர்கள் ஒண்ணு சாதிச்சாங்க. 1969-ல அவன் அனுப்பின 340 குறிகள் கொண்ட சங்கேதக் கடிதத்தை 2020 டிசம்பர்ல ஓரன்சாக், பிளேக், வான் ஐக்கேன்னு மூணு பேர் உடைச்சாங்க. அங்க சாவி தப்புன்னா வெறும் குப்பைதான் வரும். நம்ம பாஷையில, டெஸ்ட் ஃபெயில். ஆளைத் தேடும்போது அந்த டெஸ்டே இல்லை. வாட்ச் பொருந்தினா ஆதாரம். கைரேகை பொருந்தலைன்னா "க்ளவுஸ் போட்டிருப்பான்". இப்படிப் பார்த்தா யார் பேரைப் போட்டாலும் பாஸ்தான்.

உடைச்ச கடிதத்துல பேர் இருந்துச்சான்னு கேக்கறீங்களா? இல்லை.