உங்க டேபிள் புத்தர் என்ன சொல்றார்?

உங்கள் ஆபீஸ் டேபிளில் ஒரு குட்டி பித்தளை புத்தர் இருக்கிறாரா? முதலில் அவர் வலது கையைப் பாருங்கள். முழங்காலைத் தாண்டி விரல் தரையைத் தொட்டால், அது பூமிஸ்பரிச முத்திரை. புத்த கயாவில், 'உனக்கு யார் சாட்சி?' என்று மாரன் கேட்டபோது பூமியையே சாட்சிக்கு அழைத்த தருணம். சும்மா ரிலாக்ஸா உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுடாதீங்க.

பழைய முறையில் முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசி, காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அச்சு அதோடு காலி! மெழுகைக் கையாலேயே வடித்திருந்தால் அதேபோல இன்னொன்று கிடையாது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியை மணலில் திரும்பத் திரும்பப் பதித்து வார்ப்பவை. அதில் தப்பில்லை, கைவேலை விலையைக் கேட்காதவரை.

இமயமலைப் பக்கத்துச் சிலை என்றால் அடியில் ஒரு தகடு இருக்கலாம். உள்ளே மந்திரம் எழுதிய காகிதச் சுருள்களை வைத்து மூடும் வழக்கம் அங்கே உண்டு. பௌத்தர்களுக்கு அதுதான் சிலையின் உயிர், நோண்டாதீங்க.

"இருநூறு வருஷப் பழசு சார்" என்று கடைக்காரர் சொன்னால் உஷார். பொய்யாக இருந்தால் பணம் போச்சு. நிஜமாக இருந்தால் அதைவிடச் சிக்கல்: நூறு ஆண்டு தாண்டிய சிலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. ஆன்சைட் போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப் போகவும் முடியாது. நாளந்தா அருங்காட்சியகத்தில் 1961இல் திருடுபோன 12ஆம் நூற்றாண்டு வெண்கல புத்தர், 2018இல்தான் லண்டனில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அவர் விரலும் பூமியைத் தொட்டபடிதான் இருக்கிறது.