மூன்று ரிங்கிட் பல்பு, இரண்டு மணி நேரப் போராட்டம்

காரின் முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். சாலை இருட்டாகிவிடும். பின்விளக்கு அப்படியல்ல. அது எரியவில்லை என்பது பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். அவர் நம்மை நிறுத்திச் சொல்லப்போவதில்லை. பல பழைய கார்களில் இதற்கென எச்சரிக்கை விளக்கும் கிடையாது. அதனால்தான் ஒற்றைப் பின்விளக்கோடு ஓடும் கார்களை நம் சாலைகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

இது சின்ன விஷயமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டரைக் கடக்கிறது. முன்னால் செல்லும் கார் பிரேக் போட்டதைப் பின்னால் வருபவர் ஒரு நொடி தாமதமாக உணர்ந்தால், அந்த 30 மீட்டர் இடைவெளி போய்விட்டது என்று பொருள்.

கடந்த விடுமுறையில் சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் காரின் இடப்பக்கப் பின்விளக்கு எரியவில்லை, பிரேக் போட்டாலும் எரியவில்லை என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகப் போகும் பட்டறை மூடியிருந்தது. அம்மாவுக்கு மறுநாள் காலை ஷிப்ட். ஐந்தரை மணி இருட்டில், லாரிகளுக்கு நடுவே ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டும். "ஒரு நாள்தானே, சமாளிச்சிக்கலாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் காரில் இருந்த கையேட்டைப் புரட்டினேன். பல்பின் வகை அட்டவணையில் இருந்தது: பி21/5டபிள்யூ. ஆனால், அந்தப் பல்பை எப்படி எட்டுவது என்பதற்கு ஒரு படம்கூட இல்லை. சேவை மையத்தை அணுகும்படி ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார்கள்.

அந்த எண்ணில் ஒரு பாடமே இருக்கிறது. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவில் மங்கலாக எரியும் பின்விளக்குக்கு. 21 வாட் இழை பிரேக்குக்கு. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது என்று இடைநிலைப்பள்ளி இயற்பியலில் படிக்கிறோம் அல்லவா? 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால், பிரேக் இழையில் ஓடுவது 1.75 ஆம்பியர்.

திறந்திருந்த ஓர் உதிரிப்பாகக் கடையில் பல்பு ஒன்று மூன்று ரிங்கிட். வலப்பக்கப் பல்பும் அதே வயதுதான் என்பதால் இரண்டாக வாங்கினேன். இனிமேல்தான் போராட்டம்.

பின்கதவைத் திறந்து, பிளாஸ்டிக் மூடிகளுக்குள் ஒளிந்திருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினேன். விளக்கு அசையவில்லை. மறுபக்கத்தில் பிளாஸ்டிக் முளைகள் அதை உடலோடு கவ்விப் பிடித்திருந்தன. கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, "நேரா பின்னுக்கு இழு பாப்பா, சாய்க்காதே. உடைஞ்சா முழு செட்டும் வாங்கணும்" என்றார். எரிச்சல் இங்கேதான். மெதுவாக இழுத்தால் வராது. பலமாக இழுத்தால் உடையுமோ என்று பயம். எது போதுமான பலம் என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை. இருபது நிமிடங்களுக்குப் பிறகு 'டக்' என்ற சத்தத்தோடு விளக்கு கைக்கு வந்தது. உடையவில்லை.

பல்பைப் பிடித்திருக்கும் தாங்கியைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்ப வேண்டும். பிறகு பல்பை உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். பழைய பல்பு துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி நொறுங்கினால் கை கிழியும் என்பதால் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டேன். புதிய பல்பின் அடியில் இரண்டு சிறு முளைகள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். ஒரே ஒரு வகையில்தான் அது பொருந்தும். பிரேக் இழையும் பின்விளக்கு இழையும் இடம் மாறிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பொருத்தினேன். பிரேக் விளக்கு எரிந்தது, பின்விளக்கு எரியவில்லை! தாங்கிக்குள் பார்த்தால், இரண்டு தொடுமுனைகளில் ஒன்றில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. விளக்குகளை அணைத்து, மணல்தாளால் மெல்லத் தேய்த்துத் துடைத்த பிறகு அதுவும் எரிந்தது. மொத்தம் இரண்டு மணி நேரம்.

வாகன விளக்குகள் குறித்த ஐக்கிய நாட்டு அமைப்பின் 48ஆம் விதிமுறை, மாற்றக்கூடிய பல்புகளைத் தனிச்சிறப்புக் கருவிகள் இல்லாமல் மாற்ற முடிய வேண்டும் என்கிறது. கருவி தேவைப்படவில்லை, உண்மைதான். ஆனால் விளக்கம் தேவைப்பட்டது. அதைத் தர ஒரு பக்கம் அச்சிட்டிருந்தால் போதும்.

புதிய கார்களில் எல்இடி விளக்குகள் வந்துவிட்டன. அவை நீண்ட காலம் உழைக்கும். இழை சூடேறக் காத்திருக்கத் தேவையில்லாததால், சாதாரண பல்பைவிட ஏறத்தாழ 0.2 நொடி முன்னதாகவே ஒளிரும். 110 கிலோமீட்டர் வேகத்தில் அது 6 மீட்டர். உயிரைக் காக்கும் தூரம். ஆனால், பல மாடல்களில் அவை மூடிய தொகுதியாகவே வருகின்றன. பழுதானால் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். சலவை இயந்திரம், கைப்பேசி போன்ற பொருள்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாளை பொறியாளர்களாகவும் வடிவமைப்பாளர்களாகவும் போகும் நாம், இந்தக் கேள்வியைக் கார்களைப் பற்றியும் கேட்க வேண்டும்.

அதற்கு முன், இன்றிரவே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. வீட்டுக் காரின் பின்பகுதி சுவரைப் பார்த்தபடி நிறுத்துங்கள். விளக்கைப் போட்டுப் பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு ஒளி சமமாக விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். நாளை காலை இருட்டில் அந்தக் காரை எடுப்பது உங்கள் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம்.