பறக்கும் பாறுகளைப் படம் பிடித்தல்

வானில் வட்டமிடும் பாறு எவ்வினத்தது என்பதை அதன் சிறகின் அடிப்புறமே பெரும்பாலும் அறிவிக்கிறது. வளர்ந்த வெண்முதுகுப் பாறுக்குச் சிறகடியின் முன்பகுதி வெண்மையாகவும் பின்பகுதி கருமையாகவும் இருக்கும். இளம் பறவைக்கு இவ்வெண்மை இராது. ஆர்வலர் எடுக்கும் படங்கள் பலவற்றில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. ஒளி மிகுந்த வானத்தைக் கொண்டே காமிரா ஒளியளவைக் கணிப்பதால், பறவை வெறும் கரிய உருவாகப் பதிந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் எளிது. காமிரா காட்டும் அளவினும் ஒளியை ஒரு படி கூட்டுதல் வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடியின் 1,000-இல் ஒரு பங்கை மிஞ்சலாகாது. தரை சூடேறத் தொடங்கும் முற்பகலில் பாறுகள் மேலெழும். அவை இன்னும் தாழ இருக்கும்போதே, சூரியன் நமக்குப் பின்னே அமையுமாறு நின்று, பறவை சாய்ந்து திரும்பும் கணத்தில் படமெடுத்தல் நன்று. கூட்டை நெருங்குதல் அறவே தவிர்க்கத்தக்கது.

டைக்ளோஃபினாக் மருந்து செலுத்தப்பட்டு இறந்த கால்நடைகளை உண்டதால் பாறுகள் சிறுநீரகம் பழுதுற்றுப் பெருந்தொகையாக மடிந்தன. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்கு அளிப்பதை இந்திய அரசு தடை செய்தது. எஞ்சியவை மிகச் சிலவே. ஆதலின், நாளும் இடமும் குறிக்கப்பெற்ற தெளிவான படத்தில் இளம் பறவையொன்று காணப்படுமாயின், அவ்வினம் இன்னும் குஞ்சு பொரித்து வருகின்றது என்பதற்கு அதுவே சான்றாகும்.