டி.என்.ஏ. சீரமைப்பும் குரோமாட்டின் நெகிழ்வும்

வெயிலுக்கு ஒதுங்கி நிற்கச் செடியால் இயலாது. உணவு ஆக்குதற்கு வேண்டிய ஒளியுடன் புறஊதாக் கதிரும் இலைமேல் விழுந்து, உயிரணுவின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின்களைப் பிணைத்துவிடுகிறது. சிலபோது இழை இரண்டும் ஒருங்கே அறுவதும் உண்டு.

இவற்றைச் சீராக்கும் நொதிகள் செடியில் உள்ளன. நீல ஒளியின் துணைகொண்டு தைமின் பிணைப்பை அவிழ்க்கும் போட்டோலயேஸ் அவற்றுள் ஒன்று. மனிதனுக்கு இந்நொதி இல்லை. ஆயினும் நொதி இருந்தால் மட்டும் போதாது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளை ஒன்றின்மீது சுமார் 147 இணை நீளமுள்ள இழை சுற்றப்பட்டுள்ளது. இவ்வுருளைகள் நெருங்கி அமைந்ததே குரோமாட்டின். ஆசிரியர்கள் வகுப்பில் நூற்கண்டு ஒன்றைக் காட்டலாம்: கண்டின் உள்ளே அறுந்த நூலை, கண்டைத் தளர்த்தாமல் முடிய இயலாது.

இழை முறிந்ததும் ஏ.டி.எம். என்னும் நொதி அருகிலுள்ள ஒருவகை ஹிஸ்டோனில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. பழுதுற்ற இடத்துக்கு அது அடையாளம். ஐ.என்.ஓ.80 போன்ற புரதத் தொகுதிகள் ஆற்றலைச் செலவிட்டு உருளைகளை நகர்த்துகின்றன. அசெட்டைல் சேர்ந்த ஹிஸ்டோன்களின் பிடியும் தளர்கிறது. வழி திறந்தபின் ஆர்.ஏ.டி.51 என்னும் புரதம், முறிந்த முனையை அதனை ஒத்த இழையுடன் பொருத்துகிறது. அவ்விழையைப் பார்த்தே விடுபட்ட பகுதி படியெடுக்கப்படுகிறது. அதுவரை எஸ்.ஓ.ஜி.1 என்னும் புரதம் உயிரணுப் பிரிவை நிறுத்திவைக்கும்.

முறிந்த முனைகளை நேரே ஒட்டிவிடும் முறையும் உண்டு. அது விரைவானது, ஆனால் பிழை மலிந்தது. அத்தகைய பிழைகளே சடுதி மாற்றங்களாக நிலைக்கின்றன. சொனோரா 64 என்னும் மெக்ஸிகோ கோதுமையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் 1967-இல் சர்பதி சொனோராவை வெளியிட்டனர். செந்நிற மணி பொன்னிற மணியானது சடுதி மாற்றத்தாலேயே.

களப் பணியாளர்க்கு இச்செய்தி பயன்படும் இடம் விதை. உலர்ந்த விதையில் குரோமாட்டின் மிக இறுகியிருக்கும். இது ஒருவகைக் காப்பே. எனினும் சேமிப்பில் முறிவுகள் சேர்ந்துகொண்டே வரும். ஈரமும் வெப்பமும் அதனை விரைவுபடுத்தும். விதை நீரை உறிஞ்சிய பின்னரே சீரமைப்பு முழுவீச்சில் நடைபெறும். பழுது மிகுந்தால் முளைப்பும் தாமதப்படும். ஆதலின் பழைய நெல் விதையைச் சோதிப்போர் 5-ஆம் நாளின் முதல் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், 14-ஆம் நாளின் இறுதி எண்ணிக்கையையும் எடுத்தல் வேண்டும். இவ்விரு எண்ணிக்கைகளுக்கும் இடையே வேறுபாடு பெரிதாயின், அவ்விதை உயிருள்ளதாயினும் வீரியம் குன்றியதெனக் கொள்க.