“கள்ள ஆட்டம்” என்று பழி! காமிரா முன் ஆடிக் காட்டிய 17 வயது பெண்

தென்கொரியாவில் 17 வயது பெண் ஒருவர் கம்ப்யூட்டர் விளையாட்டில் எதிர்க் கோஷ்டியைப் பந்தாடினார். “இது கள்ள ஆட்டம்” என்று பழி போட்டார்கள். காமிரா முன் உட்கார்ந்து ஆடிக் காட்டி, அந்தப் பழியை அவர் துடைத்தார்.

2016-ம் ஆண்டு நடந்த இந்த பரபரப்பான சம்பவம் பற்றிய விவரம் வருமாறு:-

அந்தப் பெண்ணின் பெயர் கிம் செ-யோன். ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் “கெகுரி”.

குறி தப்பாது

2016 மே 24-ந் தேதி “ஓவர்வாட்ச்” என்ற ஆட்டம் வெளியானது. தயாரித்தது அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் கம்பெனி. அப்போது கோஷ்டிக்கு 6 பேர். இரண்டு கோஷ்டிகள் திரையில் துப்பாக்கியோடு மோதும். குறி தப்பினால் ஆள் காலி!

கெகுரிக்குக் கைவந்த பாத்திரம் “ஜாரியா”. கதைப்படி ஜாரியா ரஷியாவின் பளு தூக்கும் வீராங்கனை. திரையில் வரும் பெண் பலசாலியாக இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அவளை ஆட்டிவைத்த பெண் மீதுதான் சந்தேகம் வந்தது!

ஜூன் மாதம் ஒரு போட்டியில் கெகுரி வைத்த குறி எல்லாம் விழுந்தது. தோற்ற கோஷ்டிக்குப் பொறுக்கவில்லை. தானாகக் குறி பார்த்துக் கொடுக்கும் திருட்டு புரோகிராமை அவர் ஓட்டுகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். பழி பொய்யானால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்று இரண்டு பேர் சவால் விட்டார்கள். கத்தியோடு வீட்டுக்கு வருவேன் என்றுகூட ஒருவர் மிரட்டினார்.

முகமூடியோடு வந்தார்

பிளிஸ்ஸார்ட் கம்பெனி விசாரித்தது. திருட்டு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படியும் சந்தேகப் பேச்சு ஓயவில்லை.

“இன்வென்” என்ற கொரிய விளையாட்டுச் செய்தி நிறுவனத்தின் ஸ்டூடியோவுக்கு கெகுரி போனார். முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்டார். ஒரு காமிரா அவருடைய கையையும் மவுசையும் காட்டியது. ஆட்டம் நேரடியாக ஒளிபரப்பானது. அதே வேகம்! அதே குறி! பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

சவால் விட்ட இரண்டு பேரும் போட்டிகளை விட்டு விலகினார்கள்.

தோற்றவனுக்கே கோபம்

இப்படி ஆடுவதை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவதற்கு “ஸ்ட்ரீமிங்” என்று பெயர். வீட்டில் ஒருவர் ஆடுவார். ஊர் உலகமே உட்கார்ந்து பார்க்கும். பார்ப்பவர்கள் எழுதுவது உடனுக்குடன் திரை ஓரத்தில் ஓடும். ஆண் ஆடினால் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு. பெண் ஆடினால் முகத்தைப் பற்றி, உடுப்பைப் பற்றி. “அடுப்பங்கரைக்குப் போ” என்பது அங்கேயும் கேட்கும் பேச்சுதான். நன்றாக ஆடிவிட்டாலோ, “அண்ணனோ காதலனோ ஆடித் தருகிறான்” என்பார்கள்.

ஏன் இந்த எரிச்சல்? இரண்டு ஆராய்ச்சியாளர்கள் “ஹாலோ 3” என்ற ஆட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. ஒரே வாசகங்களை ஆண் குரலிலும் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். நன்றாக ஆடியவர்கள் பெண் குரலிடம் மரியாதையாகவே பேசினார்கள். மோசமாக ஆடியவர்கள்தான் பெண் குரல் கேட்டதும் ஏசினார்கள். அதே ஆட்கள் ஆண் குரலிடம் பணிந்து போனார்கள்!

ஆட்டம் வராதவனுக்கு, பெண்ணிடம் தோற்பது ரெட்டைத் தோல்வியாகப் படுகிறது போலும்.

லீக்கில் முதல் பெண்

கெகுரி அதோடு நிற்கவில்லை. 2018-ல் “ஓவர்வாட்ச் லீக்” என்ற தொழில்முறைப் போட்டியில் ஷாங்காய் டிராகன்ஸ் கோஷ்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த லீக்கில் ஆடிய முதல் பெண் அவர்தான். அந்த வருஷம் அவருடைய கோஷ்டி ஆடிய 40 ஆட்டத்திலும் தோற்றது. கெகுரி சேருவதற்கு முன்பே அது தோற்றுக்கொண்டுதான் இருந்தது. 2019-ல் “டைம்” பத்திரிகை அடுத்த தலைமுறைத் தலைவர்கள் வரிசையில் கெகுரி பெயரையும் சேர்த்தது.

கெகுரிக்காவது ஒரு ஸ்டூடியோ கிடைத்தது. கையைக் காட்ட ஒரு காமிரா கிடைத்தது. குரல் வெளியே தெரிந்தால் வம்பு என்று மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஆடும் பெண்கள் ஏராளம். அவர்கள் ஜெயித்தாலும், ஜெயித்தது ஒரு பெண் என்று எதிரே இருப்பவனுக்குத் தெரியப்போவதில்லை.